ரோஜரும் ஷாங்க்ஸும் வாள்காரர்கள்தானே, பட்டம் ஏன் மிஹாக்கிடம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் சிலம்பம் பழகுகிற பிள்ளைகள் நடுவில் ஒன் பீஸ் பேச்சு வந்தால் கடைசியில் இந்தச் சண்டையில்தான் முடியும். கடல் கொள்ளையர் ராஜா ரோஜர் வாள் பிடித்தவர், ஷாங்க்ஸும் வாள் பிடித்தவர், அப்புறம் ஏன் ‘உலகின் தலைசிறந்த வாள்வீரன்’ என்ற பேர் இன்னொருவருக்கு? கதையில் இருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்கிறோம். அத்தியாய எண்கள் எல்லாம் மாங்காவுக்கு (அச்சில் வரும் படக்கதை) உரியவை, அனிமே (திரைத் தொடர்) எண்கள் வேறு. வானோ என்ற நாட்டில் நடக்கும் கதைப்பகுதிக்குப் பிந்தைய செய்திகளும் இதில் உண்டு. அதுவரை பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதையே தெரியாது. இந்த மூன்று பேர் யார்?

ஒன் பீஸ், எய்ச்சிரோ ஓடா எழுதி வரையும் ஜப்பானியப் படக்கதை. 1997 ஜூலையில் தொடங்கி இன்னும் முடியவில்லை. கோல் டி. ரோஜர், கிராண்ட் லைன் என்ற கடல்வழி முழுவதையும் சுற்றி முடித்து ‘கொள்ளையர் ராஜா’ ஆனவர். கதை தொடங்கும் முன்பே லோக்டவுன் என்ற ஊரில் மரண தண்டனை மேடை ஏறிவிட்டார். ஷாங்க்ஸ், சின்ன வயதில் ரோஜரின் கப்பலில் எடுபிடியாக இருந்தவர். இப்போது கடலை ஆளும் நான்கு பேரரசர்களில் ஒருவர். டிராகுல் மிஹாக், பட்டத்தை வைத்திருப்பவர். கதாநாயகன் லுஃபியின் கூட்டாளி ஸோரோ அந்தப் பட்டத்தைப் பறிப்பதற்காகவே கடலுக்கு வந்தவன்.

பட்டத்தை யார் கொடுக்கிறார்கள்? ஏதாவது சங்கம், போட்டி உண்டா?

கிடையாது. தேர்வும் இல்லை, நடுவரும் இல்லை. வைத்திருப்பவரை வாளால் வென்றால் பட்டம் கை மாறும், அவ்வளவுதான் விதி. கடற்படை, கொள்ளையர், பொதுஜனம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதால் அது பட்டமாக நிற்கிறது.

இங்கே பலர் தடுமாறுகிற இடம் ஒன்று. ‘வாள் பிடிக்கிறவர்களில் பெரிய ஆள்’ என்பதும் ‘வாள் வித்தையில் பெரிய ஆள்’ என்பதும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் சிலம்பப் போட்டியில் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, வாள் வீச்சு, சுருள் வாள், தொடுமுறை (நேருக்கு நேர் மோதி எதிராளியைத் தொடுவது) என்று பிரிவு பிரிவாக வைப்பார்கள். தொடுமுறையில் வந்தவனையெல்லாம் சாய்க்கிற ஆளாக இருந்தாலும், வாள் வீச்சில் பேர் கொடுக்கவில்லை என்றால் அந்தக் கோப்பை அவனுக்கு இல்லை. அதனால் அவன் மட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரோஜர் விஷயம் கிட்டத்தட்ட இதுதான்.

சரி, ரோஜருக்கு ஏன் இல்லை?

மூன்று காரணம் சொல்லலாம். மூன்றும் சம எடை இல்லை.

எளிதான காரணம் காலம். கதையின் நிகழ்காலத்துக்கு 24 ஆண்டுகள் முன்பு ரோஜர் இறந்தார், அப்போது அவருக்கு வயது 53. மிஹாக்குக்கு இப்போது 43. கழித்துப் பார்த்தால் ரோஜர் சாகும்போது மிஹாக்குக்கு 19 வயது. இருவரும் நேருக்கு நேர் மோதியதாகக் கதையில் எங்கும் இல்லை. பட்டம் உயிரோடு இருப்பவர்கள் கையில்தான் புழங்கும். ரோஜர் காலத்தில் அது யாரிடம் இருந்தது என்று ஓடா சொல்லவே இல்லை. அதனால் ‘ரோஜர் பட்டத்தை இழந்தார்’ என்றோ ‘மிஹாக் ரோஜரிடமிருந்து எடுத்தார்’ என்றோ வாதாடினால் அடித்தளமே இல்லாமல் போய்விடும்.

இரண்டாவது, அவருக்குப் பேர் வாங்கித் தந்த வேலை. இந்தக் கதையில் ஒருவருக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டம் அவர் செய்த ஆகப் பெரிய காரியத்திலிருந்து வருவது. ரோஜரின் போட்டியாளரான கொள்ளையர் தலைவர் வைட்பியர்டுக்கு ‘உலகின் பலசாலி மனிதன்’, பேரரசர்களில் ஒருவராக இருந்த கைடோவுக்கு ‘உலகின் பலசாலி உயிரினம்’. இரண்டும் சண்டையால் வந்த பேர். ரோஜரின் பேர் பயணத்தால் வந்தது: மற்றவர்கள் பாதியில் திரும்பிய கடலைத் தாண்டி, கடைசித் தீவான லாஃப் டேல் வரை போனவர். அதற்கு அப்புறம் அவரை ‘நல்ல வாள்காரர்’ என்று கூப்பிட யாருக்குத் தோன்றும்?

மூன்றாவதுதான் கனமான காரணம். ரோஜரின் சண்டையில் வாள் ஒரு வாகனம் மட்டும். உள்ளே போவது ஹாகி. ஹாகி என்றால் மனத்திண்மையை ஆயுதமாக்கும் ஆற்றல். இதில் மூன்று வகை: உடம்பையும் ஆயுதத்தையும் இறுக்குவது ஆர்மமென்ட், எதிராளியின் அசைவை முன்கூட்டி உணர்வது அப்சர்வேஷன், எதிரே நிற்பவனின் மனத்தையே அழுத்துவது கான்கரர்ஸ். 1047ஆம் அத்தியாயத்தில் கைடோ, ரோஜரிடம் டெவில் ஃப்ரூட் (தின்றவருக்கு விசித்திர ஆற்றல் தரும் பழம்) சக்தி எதுவும் இல்லை, ஹாகி ஒன்றுதான் எல்லாவற்றையும் மிஞ்சும் என்கிறார். வாள் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. 966ஆம் அத்தியாயத்தில் ரோஜர் வெறும் ஒரு வீச்சில் ஓடெனைத் தூக்கி அடிக்கிறார், அந்த வீச்சின் பேர் கமுசாரி. ஓடென் சாதாரண ஆள் இல்லை, இரண்டு பெரிய வாள்களை ஒரே நேரத்தில் ஆளும் சாமுராய். அந்தப் படத்தை நிறுத்திப் பாருங்கள். வாள் வேலை என்று சொல்லத்தக்க அடவோ, எதிர்வெட்டோ, ஏமாற்றோ அதில் ஒன்றும் இல்லை. ஏற்றிய விசை மொத்தத்தையும் ஒரே கோட்டில் இறக்குகிறார். அதே அத்தியாயத்தில் வைட்பியர்டுடன் மூன்று நாள் சண்டை போட்டு, கடைசியில் இரு கூட்டமும் பொருள்களைப் பரிமாறிக்கொண்டு முடிக்கிறார்கள்; அங்கேயும் வாள் நுணுக்கம் கதையின் கவனத்தில் இல்லை.

ரோஜர் உயிரோடு இருந்தால் மிஹாக்கை வெல்வாரா?

உயிர்ச் சண்டை என்றால் ரோஜர் பக்கம் பணம் கட்டுவோம். வாள் வித்தை மட்டும் என்றால் கட்ட மாட்டோம்.

ஷாங்க்ஸ் விஷயம் வேறுதானே? அவர் மிஹாக்கோடு மோதியவர் ஆச்சே?

ஆமாம், இதுதான் உண்மையில் சூடான கேள்வி. 434ஆம் அத்தியாயத்தில் வைட்பியர்டே ஷாங்க்ஸிடம், நீயும் பருந்துக்கண்ணனும் (மிஹாக்கின் பட்டப்பெயர்) மோதிய நாட்களின் அதிர்வு இன்னும் நினைவில் இருக்கிறது என்ற பொருளில் பேசுகிறார். அவர் வாயிலிருந்து அப்படி வருகிறது என்றால் அந்த மோதல்கள் சமமாக இருந்திருக்க வேண்டும். இங்கேயும் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோஜர் இறந்தபோது ஷாங்க்ஸுக்கு 15. லுஃபியைக் காப்பாற்றப் போய் இடது கையைக் கடல் ராட்சசனிடம் இழந்தது 12 ஆண்டுகளுக்கு முன், அப்போது அவருக்கு 27, மிஹாக்குக்கு 31. பேர் சொல்லும்படியான மோதல்கள் எல்லாம் இந்த இடைவெளிக்குள் நடந்தவையாகத்தான் இருக்க முடியும்.

பிறகு மிஹாக் கதவைச் சாத்திவிட்டார். லுஃபிக்கு முதல் பவுண்டி (தலைக்கு அரசு வைக்கும் விலை) அறிவிப்பு வந்ததும், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஷாங்க்ஸ் இருக்கும் தீவுக்குப் போகிறார் மிஹாக். முந்தின இரவு குடித்த மயக்கம் தீராத ஷாங்க்ஸ், கணக்கைத் தீர்க்க வந்தாயா என்று கேட்கிறார். ஒற்றைக் கை ஆளோடு தீர்க்க ஒன்றும் இல்லை என்பதுதான் மிஹாக்கின் பதில். தாளைப் பார்த்ததும் ஷாங்க்ஸ் குஷியாகி மறுபடி விருந்தைத் தொடங்கிவிடுகிறார். சிரிப்புக் காட்சி போலத் தெரிந்தாலும் பட்டத்தின் கதை அங்கேதான் முடிச்சுப் போடப்படுகிறது: எதிராளியாக நினைத்தவனைப் பட்டக்காரரே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்.

2022இல் வந்த 1058ஆம் அத்தியாயத்தில் கடற்படைத் தலைமையகத்தில் மிஹாக்கைப் பற்றி விவரம் வாசிக்கும்போது, வாள் திறனில் ஷாங்க்ஸையும் மிஞ்சியவர் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். கடற்படைக்காரர்கள் ஊகிக்கிறார்கள் என்று தள்ளலாம்தான். ஆனால் ஆசிரியர் பக்கத்தை வீணாக்கி அந்த வாக்கியத்தை அங்கே வைக்க மாட்டார் என்பது எங்கள் கணிப்பு.

ஒரு கை போனால் அவ்வளவு பாதிப்பா? கை போன பிறகுதானே ஷாங்க்ஸ் பேரரசர் ஆனார்?

பேரரசர் ஆவதற்கு வாள் மட்டும் போதாது, தேவையும் இல்லை. கூட்டம், ஹாகி, கப்பல், ஊர்களைக் காக்கும் பிடி எல்லாம் சேர்ந்தது அது. வாள் வித்தையை மட்டும் எடுத்துப் பார்த்தால் கை போனதன் சேதம் பெரியது. கையில் ஒரு குச்சியை எடுத்துச் சுற்றிப் பார்த்தாலே இது புரியும்.

வீசும்போது உடம்பு ஒரு பக்கம் திரும்பும்; மற்றக் கை எதிர்ப்பக்கம் போய் அதைச் சமன் செய்யும். அந்தக் கை இல்லாவிட்டால் வீச்சு முடிந்த இடத்தில் தோள் அதிகமாகச் சுழன்றுவிடும், அடுத்த வெட்டுக்குத் திரும்ப நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் காலடியால் ஈடுகட்ட வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் அரை அடி கூடுதலாக நகர வேண்டியிருக்கும்.

உறையிலிருந்து உருவும்போது இன்னொரு கை உறையின் வாயைப் பிடித்துக்கொள்ளும். பிடி இல்லையென்றால் வாளோடு உறையும் சேர்ந்து ஏறும், முதல் வெட்டு பிந்தும். ஷாங்க்ஸின் கிரிஃபன், ஒற்றைக் கைக்குத் தோதான சேபர் என்ற வளைந்த வாள் வகை. அதனால்தான் அவரால் தொடர முடிகிறது. அதே கையில் மிஹாக்கின் யோரு போன்ற ஆளைவிடப் பெரிய வாளைக் கொடுத்தால் நெம்புகோல் விசை கிடைக்காது. இரண்டு கையும் கைப்பிடியில் தள்ளித் தள்ளி இருந்தால்தான் நீள வாளின் நுனியை நடுவழியில் நிறுத்தித் திசை மாற்ற முடியும்.

வாள் வாளோடு சிக்கும் நிலையில் எதிராளியின் மணிக்கட்டைப் பிடிக்க, தள்ள, சட்டையை இழுக்க இடது கை வேண்டும். அதுவும் இல்லை. இத்தனைக்கும் பிறகு அவர் சமாளிக்கிறார் என்றால் அது ஹாகியின் தயவு.

1079ஆம் அத்தியாயத்தில் கிட் என்ற கொள்ளையர் தலைவனை ஷாங்க்ஸ் ஒரே வீச்சில் முடித்தாரே, அது வாள் வித்தை இல்லையா?

2023இல் வந்த அத்தியாயம். படம் படமாகப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கிட், தன் கப்பலில் நின்று பெரிய காந்த பீரங்கியை ஏற்றுகிறான். ஷாங்க்ஸ், அப்சர்வேஷன் ஹாகியில் சில நொடிகள் முன்னே போய், தன் துணைக் கப்பல்கள் சிதறுவதைப் பார்த்துவிடுகிறார். அந்த எதிர்காலம் நடக்கும் முன்பே தாவிப் போய், ரோஜரின் அதே கமுசாரியை இறக்குகிறார். பீரங்கி சுடப்படவே இல்லை. பிறகு கப்பலை அழிப்பது டோரி, ப்ரோகி என்ற இரண்டு ராட்சதர்கள்.

இதில் ஜெயித்தது எது? முன்கூட்டிப் பார்த்தது, விசை ஏற்றியது, தயங்காதது. கிட் ஒரு வெட்டையாவது தடுத்து, ஷாங்க்ஸ் மாற்று வெட்டு போட்டிருந்தால் வாள் வேலை என்று எழுதலாம். அப்படி ஒரு படமும் இல்லை. ரோஜரின் வீச்சையே ரோஜரின் பையன் மாதிரி வளர்ந்தவர் போடுகிறார். இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடத்தில் வாள் இரண்டாம் பாடம்.

அப்படியானால் மிஹாக்கின் வாள் வேலை எங்கே தெரிகிறது?

50 முதல் 52 வரை மூன்று அத்தியாயங்களைப் படியுங்கள். பராட்டி என்ற மிதக்கும் உணவகம். டான் கிரீக் என்ற கொள்ளையனின் 50 கப்பல் கூட்டத்தைப் பொழுதுபோக்காகத் துரத்தி அழித்துவிட்டுத் தனியாக ஒரு சின்னப் படகில் வருகிறார் மிஹாக். கிரீக்கின் ஆள் துப்பாக்கியால் சுடுகிறான். குண்டை அவர் வெட்டவில்லை. வாள் நுனியால் லேசாகத் தொட்டுப் பாதையைத் திருப்பிவிடுகிறார். வேகமும் பலமும் உள்ளவன் வெட்டுவான், வாளை அளந்து பிடிப்பவன்தான் திருப்புவான்.

பிறகு ஸோரோ. அவனுக்கு எதிரே யோருவை உருவாமல், கழுத்தில் சிலுவை மாதிரித் தொங்கும் சின்னக் கத்தியை எடுக்கிறார். ஸோரோ மூன்று வாளையும் குறுக்கே போட்டு ‘ஓனி கிரி’ என்ற பாய்ச்சலைப் போடுகிறான். மூன்று வாளும் சந்திக்கும் இடத்தில் கத்தி நுனியை வைக்கிறார், பாய்ச்சல் அப்படியே நிற்கிறது. இங்கே ஹாகி வெடிக்கவில்லை, வானம் பிளக்கவில்லை. எந்தப் புள்ளியை அடைத்தால் மூன்றும் அடைபடும் என்று கண்டுபிடித்ததுதான் வித்தை. கத்தி நெஞ்சில் இறங்கிய பிறகும் ஸோரோ பின்வாங்காததைப் பார்த்து, மரியாதைக்காக யோருவை உருவுகிறார். கடைசி மோதலில் ஸோரோவின் இரண்டு வாள் உடைகிறது, வாடோ இச்சிமோன்ஜி மட்டும் மிஞ்சுகிறது.

ஸோரோவைப் பிறகு இரண்டு ஆண்டுகள் பழக்கியபோது அவர் சொல்லிக்கொடுத்ததையும் கவனியுங்கள்: வாளின் விளிம்பில் ஒரு பொட்டு சிதைந்தாலும் அது பிடித்தவனின் அவமானம். வாளைப் பற்றியே இப்படி யோசிக்கிற ஆளிடம்தான் அந்தப் பட்டம் இருக்கிறது.

பவுண்டி தொகையில் ஷாங்க்ஸ்தானே மேலே?

மேலேதான். ஆனால் பவுண்டி என்பது உலக அரசுக்கு அந்த ஆளால் எவ்வளவு தலைவலி என்பதன் விலை. வாள் மதிப்பெண் இல்லை.

தொகைகளைத் தமிழில் சொல்லும்போது பெரும்பாலும் பிசகுகிறார்கள், எனவே கோடியிலேயே தருகிறோம். ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி. ரோஜர் 556 கோடியே 48 லட்சம் பெலி (கதையில் வரும் நாணயம்). வைட்பியர்ட் 504 கோடியே 60 லட்சம். ஷாங்க்ஸ் 404 கோடியே 89 லட்சம். மிஹாக் 359 கோடி. வானோவுக்குப் பிறகு லுஃபி 300 கோடி, ஸோரோ 111 கோடியே 10 லட்சம். லுஃபியின் முதல் தொகையான 30 மில்லியன் என்பது 3 கோடி. அதை 30 கோடி என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வாதத்தில் இதை ஒரே பேரில் முடிக்கலாம்: பகி. அந்தக் கோமாளிக் கொள்ளையனின் பவுண்டி 318 கோடியே 90 லட்சம், லுஃபியைவிட அதிகம். பகி லுஃபியை அடிப்பான் என்று யாராவது சொன்னால் அவரோடு மேற்கொண்டு பேச வேண்டாம்.

வாளின் தரம் பட்டத்தைத் தீர்மானிக்குமா?

இல்லை. ஆனால் தர வரிசை தெரிந்திருந்தால் நல்லது. உச்சத்தில் 12 வாள்கள், சைஜோ ஓ வஸமோனோ. அடுத்து 21, ஓ வஸமோனோ. அதற்கடுத்து 50, ரியோ வஸமோனோ. கீழே எண்ணிக்கை சொல்லப்படாத வஸமோனோ. யோரு, 12இல் ஒன்று. ஸோரோவின் வாடோ இச்சிமோன்ஜியும், ஓடெனிடமிருந்து வந்த என்மாவும் 21இல் சேரும். அவனது சாண்டாய் கிடெட்சு கடைசி வகை, சாபம் வேறு.

வைட்பியர்டின் ஆயுதமும் 12இல் ஒன்று. அவருக்கு யாரும் வாள் பட்டம் தரவில்லையே. மேலும் அது நீளக் கம்பில் மாட்டிய வளைந்த அலகு, வாளே இல்லை.

விஸ்டா, ஓடென் போன்றவர்கள்?

வைட்பியர்டின் கூட்டத்து வாள்காரர் விஸ்டா, அந்தக் கூட்டத்துக்கும் கடற்படைக்கும் நடந்த மரைன்ஃபோர்டு போரில் மிஹாக்கோடு மோதி, முடிவில்லாமல் விட்டார். தோற்கடிக்காதவரை பட்டம் நகராது. ஓடென் இறந்துவிட்டார், மிஹாக்கைச் சந்தித்ததாகவும் கதையில் இல்லை.

கடைசியில் மிஹாக், ஷாங்க்ஸைவிடப் பலசாலியா இல்லையா?

வாளில் ஆம். மொத்தத்தில் கதை தீர்ப்புச் சொல்லவில்லை, நாங்களும் சொல்ல மாட்டோம். ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மரைன்ஃபோர்டில் ஷாங்க்ஸ் வந்து இறங்கியதும், செம்முடியனோடு (ஷாங்க்ஸோடு) சண்டை போடுவது உலக அரசோடு தான் செய்த ஒப்பந்தத்தில் இல்லை என்று மிஹாக் கிளம்பிவிடுகிறார். சிலர் இதைப் பயம் என்கிறார்கள். பொழுது போகவில்லை என்று 50 கப்பலை அழித்தவருக்குப் பயமா? ஆனால் சும்மா சீண்டிப் பார்க்கிற ஆள் ஷாங்க்ஸ் இல்லை என்பது அவருக்குத் தெரியும், அதுவும் சரிதான்.

நிஜமான கடல் கொள்ளையர்கள் இப்படி வாள் வைத்திருந்தார்களா? நம் கரையில் யாராவது?

யோரு மாதிரி வாளோடு கப்பல் மேல்தளத்தில் சண்டை போட்டால் முதல் வீச்சிலேயே பாய்மரக் கயிற்றில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் நிஜ மாலுமிகள் கட்லஸ் என்ற குட்டையான, கனத்த, லேசாக வளைந்த வாளை வைத்திருந்தார்கள். நெரிசலில் வீசலாம், கயிறும் வெட்டலாம். அந்த வகையில் கதையில் இருப்பவற்றில் ஷாங்க்ஸின் சேபர்தான் கடலுக்கு ஒத்து வருவது.

நம் கரை என்றால் தரங்கம்பாடி. டேனியர்கள் தஞ்சை நாயக்கர் ரகுநாதரிடம் அனுமதி வாங்கி 1620இல் அங்கே இறங்கினார்கள், டேன்ஸ்போர்க் கோட்டை இன்றும் நிற்கிறது. ஊரிலிருந்து பணமும் கப்பலும் சரியாக வராமல் தவித்தவர்கள், 1642 முதல் முகலாயர் மீது போர் என்று அறிவித்து, வங்காளக் கப்பல்களைப் பிடித்துச் சரக்கை விற்றுக் காலம் தள்ளினார்கள். சமாதானம் முழுதாக வந்தது 1698இல். வங்காள வியாபாரிக்கு இது கொள்ளை, கோட்டைக்காரருக்குப் போர். பட்டம் யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

பையன் சிலம்பம் பழகுகிறான். ஸோரோ மாதிரி வாயில் ஒன்று, கைக்கு ஒன்று என்று கேட்கிறான். விடலாமா?

வாயில் வேண்டவே வேண்டாம். கடித்துப் பிடித்த கம்பு எதிலாவது இடித்தால், அதன் நீளம் முழுவதும் நெம்புகோலாகி அந்த அதிர்ச்சி முன்பற்களுக்கும் தாடை மூட்டுக்கும் போகும். கழுத்தைத் திருப்ப முடியாமல் எதிராளியைப் பார்ப்பதும் போய்விடும்.

இரட்டைக் கம்பு கேட்டால் தப்பில்லை, வரிசை முக்கியம். முதலில் கம்பே இல்லாமல் காலடி. பிறகு நெற்றி உயரக் கம்பில் ஒற்றை வீச்சு, வலத்திலும் இடத்திலும் ஒரே சீராக வரும்வரை. அதன் பிறகே இரண்டு குட்டைக் கம்பு, நீளத்தை ஆசான் பார்த்துச் சொல்லட்டும். இரட்டையில் வழக்கமாக நடக்கும் தப்பு: பழகாத கையின் மணிக்கட்டு முழுதாகத் திரும்பாமல் கம்பு நுனி சொந்த முழங்காலில் விழும். அவசரப்படுத்தாமல், அந்தக் கையை மட்டும் தனியாக மெதுவாகச் சுற்றவிட்டால் சரியாகும்.

பள்ளி மாறுவேடப் போட்டிக்கு ஷாங்க்ஸ் வேஷம். வாள் எப்படிச் செய்வது?

நிஜ வாள், தீட்டிய கத்தி எதுவும் வேண்டாம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதச் சட்ட விதிகளில் ஆயுத வகையில் வரும். அறுப்புக்கு வைத்திருக்கும் கருக்கரிவாளுக்கு விலக்கு உண்டு, வேஷத்துக்கு இல்லை.

டிவி, ஃப்ரிட்ஜ் வந்த கெட்டி அட்டைப்பெட்டியை எடுங்கள். 4 அடி உயரப் பிள்ளைக்கு வாள் மொத்தம் 2 அடி போதும். நீளம் கூடினால் மேடையில் தரை தட்டும். ஒரே வடிவில் இரண்டு துண்டு வெட்டி, நடுவில் மூங்கில் சிம்பு ஒன்றை வைத்து ஃபெவிகால் தடவி ஒட்டுங்கள். அட்டையின் வரி வாளின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் நடுவில் மடங்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஒட்டியதும் அட்டை நெளியும். சமதளத்தில் கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு முழு நாள் விட்டபிறகே வெள்ளி பெயின்ட் அடியுங்கள். ஓரத்தைச் செலோ டேப்பால் மூடினால் யார் கண்ணிலும் கீறாது.

இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டாதீர்கள், கால்மணி நேரத்தில் மரத்துப்போகும். தொளதொளவென்ற வெள்ளைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொள்ளச் சொல்லி, வெறும் சட்டைக்கையைக் கறுப்புத் துண்டின் அடியில் விட்டுவிடுங்கள். இடது கண்மேல் மூன்று கோடு மறக்க வேண்டாம். உறை வைத்தால் அதை இடுப்புப் பட்டையில் இரண்டு இடத்தில் கட்டுங்கள், ஒரே இடத்தில் கட்டினால் ஒற்றைக் கையால் உருவும்போது உறையும் கூடவே வரும்.